அம்பத்தூர் பவுடர் கோட்டிங் யூனிட்டில் பிபிஎம்என்.ஐஓ: ஏழு மாதம் வரைந்த பிறகு

உலோகப் பொருள்மேல் நிறப் பவுடர் அடித்து ஓவனில் வேகவைப்பதுதான் எங்கள் வேலை. போன ஆடி மாதம் 40 பேனல் கதவுகள் தப்பான நிறத்தில் எங்கள் ஓவனிலிருந்து வெளியே வந்தன. பார்ட்டிக்கு வேண்டியது ஆர்ஏஎல் 7035 (ஆர்ஏஎல் என்பது நிறங்களுக்கான எண் பட்டியல்). நாங்கள் அடித்திருந்தது 7032. இரண்டுமே சாம்பல்தான், ஆனால் 7032-ல் ஒரு மஞ்சள் சாயல் ஓடும். கதவைத் தனியாகப் பார்த்தால் பலருக்குத் தெரியாது. 7035 அடித்த பெட்டியில் கொண்டுபோய் மாட்டினால் பத்தடி தள்ளி நிற்கிறவருக்கும் தெரியும். 40 கதவும் திரும்பி வந்தன. ஓவனில் வெந்த பவுடரை உரிப்பது லேசான வேலை இல்லை. உரித்து, மறுபடி எல்லாத் தொட்டியிலும் முக்கி, காயவைத்து, அடித்து, வேகவைத்து அனுப்ப நான்கு நாள் ஆனது.

நான் இந்த யூனிட்டின் ஆபீஸ் வேலையைப் பார்க்கிறேன். மாமனார் ஆரம்பித்தது, இப்போது என் கணவரும் கொழுந்தனாரும் நடத்துகிறார்கள். பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். மொத்தம் 19 பேர். கதவுகள் திரும்பி வந்த அன்று நான்கு பேருக்குள் பெரிய சண்டை. ஜாப் கார்டில் 7032 என்றுதான் இருக்கிறது என்று பெயிண்டர் அண்ணன் கார்டைக் காட்டினார். பார்ட்டியின் டி.சி.யில் (பொருளோடு வரும் டெலிவரி சலானில்) இருந்ததைத்தான் கார்டில் எழுதினேன் என்று இன்வேர்டு, அதாவது உள்ளே வரும் பொருளைப் பார்க்கும் பெண் அழுதாள். நிறம் மாறுகிறது என்று பார்ட்டி போனில் சொன்னது உண்மை, பவுடர் அடிக்கும் பூத்தில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றார் சூப்பர்வைசர். பூத்தில் அப்போது இருந்தது மாலை ஷிப்டுக்கு வந்த உதவிப் பையன். எல்லோரும் சொன்னது உண்மைதான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆபீஸ் சுவரில் ஒரு ஃப்ளோ சார்ட் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஐஎஸ்ஓ சான்றிதழுக்காக ஓர் ஆலோசகர் வரைந்து கொடுத்தது. ஆர்டர் பெறுதல், சரிபார்த்தல், உற்பத்தி, தரப் பரிசோதனை, அனுப்புதல் என்று ஐந்து பெட்டி, நடுவில் அம்புகள். அன்று இரவு அதன் முன்னால் நின்று, தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று விரல் வைத்துத் தேடினேன். கிடைக்கவில்லை. எந்த வேலைக்கும், எந்தத் தப்புக்கும் அந்தப் படம் ஒத்துப்போகும். அந்தப் படத்தைப் பார்த்து "இது தப்பு" என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத படத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை என்று அன்றுதான் புரிந்தது.

அக்கா மகன் ஓ.எம்.ஆர்.-ல் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். "சித்தி, லேப்டாப்பைத் திற" என்று பிபிஎம்என்.ஐஓ என்ற பக்கத்தைக் காட்டினான். அன்றிலிருந்து ஏழு மாதமாக அதில் வரைகிறேன். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். பட்டறைக்காரர்கள் யாரும் இதைப் பற்றித் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை.

முதலில் பெயர். பிபிஎம்என் என்பது 'பிசினஸ் ப்ராசஸ் மாடல் அண்ட் நொட்டேஷன்'. ஒரு வேலை எங்கே தொடங்கி, யார் யார் கையில் போய், எங்கே காத்திருந்து, எப்படி முடிகிறது என்று வரைவதற்கான குறியீட்டு முறை. முதல் பதிப்பு 2004-ல் வந்தது. பிறகு ஓஎம்ஜி என்ற தர அமைப்பின் கைக்குப் போய், 2011-ல் 2.0 பதிப்பு வெளியானது. 2013-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது, எண் 19510. குறியீடு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பிபிஎம்என்.ஐஓ என்பது அதை வரைய பெர்லினில் இருக்கும் கமுண்டா நிறுவனத்தார் இலவசமாகத் தரும் கருவி. லாகின் கிடையாது, பணம் கிடையாது. பிரவுசரில் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அந்த வட்டத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வட்டத்தைத் தொட்டால் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் வரும். பெட்டியைத் தொட்டால் அடுத்த வேலை தானாக ஒட்டிக்கொள்ளும். டைமண்டைத் தொட்டால் பாதை பிரியும். ஸ்பேனர் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு, அதை அழுத்தினால் இருக்கும் குறியை வேறு குறியாக மாற்றலாம். ஸ்பேனரை அங்கே பார்த்ததுமே இது நம் ஆட்களுக்கும் பழகும் என்று தோன்றியது. எனக்கு மிகவும் பிடித்தது இடம் விடும் கருவி. இரண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு வேலையை மறந்துவிட்டால், அங்கே பிடித்து இழுத்தால் வலப்பக்கம் இருப்பதெல்லாம் சேர்ந்து நகரும். ரப்பரால் அழித்து முழுதும் மறுபடி வரைந்த அனுபவம் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறிகள் பார்க்க எளிது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே அர்த்தம். மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம். தடித்த கோட்டு வட்டம் முடிவு. இரட்டைக் கோட்டு வட்டம் நடுவில் நடக்கும் ஒன்று. தகவல் வருவது, நேரம் ஆவது போல. மூலை உருண்ட பெட்டி ஒரு வேலை. டைமண்டுக்குள் எக்ஸ் போட்டிருந்தால் ஒரு வழியில் மட்டும் போகும். பிளஸ் போட்டிருந்தால் எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் போகும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெரிய கட்டம், அதற்குப் பூல் என்று பெயர். அதற்குள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை, அது லேன். ஒரு கண்டிப்பான விதி உண்டு: வேலையின் முழுக்கோட்டு அம்பு தன் பூலின் எல்லையைத் தாண்டக் கூடாது. இன்னொரு நிறுவனத்துக்குப் போவது வேலை இல்லை, தகவல்; அதை விட்டுவிட்ட கோட்டு அம்பாகத்தான் வரைய வேண்டும். கருவியில் ஒரு பூலிலிருந்து இன்னொரு பூலுக்கு இழுத்தால் அதுவே விட்டுவிட்ட கோடாகப் போட்டுவிடுகிறது.

எங்கள் 40 கதவும் இந்த விதியில்தான் அகப்பட்டன.

பார்ட்டிக்கு ஒரு பூல், நமக்கு ஒரு பூல். டி.சி.யோடு பொருள் வருவது ஒரு விட்டுவிட்ட கோடு. அது நம் தொடக்க வட்டத்தில் வந்து சேர்கிறது. நிறம் மாறுகிறது என்று போன் வருவது இன்னொரு விட்டுவிட்ட கோடு. அதை இழுத்துக்கொண்டே வந்தேன். எங்கே சேர்ப்பது? சூப்பர்வைசர் லேனில் அந்த நேரத்தில் எந்தப் பெட்டியும் இல்லை. அவர் வேலை லாட்டை லைனில் ஏற்றியதோடு முடிந்துவிட்டது. பூத்தில் இருக்கும் பெட்டி 'ஜாப் கார்டு பார்த்து பவுடர் ஏற்று'. அது கார்டைத்தான் கேட்கும், போனைக் கேட்காது. கோட்டின் முனை அந்தரத்தில் நின்றது. நம் வேலை முறையில் அந்தப் போனை வாங்கிக்கொள்ள இடமே வைக்கவில்லை. சூப்பர்வைசர், பெயிண்டர் அண்ணன், இன்வேர்டு பெண் மூவரையும் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினேன். பெயிண்டர் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல யாரும் தப்பு பண்ணலமா, வழியே இல்ல" என்றார். ஒரு வாரமாக ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தவர்கள் அன்று சேர்ந்து டீ குடித்தார்கள்.

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்றால், தொட்டி வேலைகள் முழுவதையும் ஒரு பெரிய பெட்டியாக்கி, அதன் விளிம்பில் தகவல் வாங்கும் வட்டம் ஒன்று ஒட்டியிருக்கிறோம். தொட்டி வேலை முடிவதற்குள் மாற்றம் வந்தால் லாட் நிற்கும், பழைய ஜாப் கார்டு கிழிக்கப்படும், புது நிறத்தில் புதுக் கார்டு போட்டபின்தான் நகரும். பூத்துக்குள் போன பிறகு மாற்றம் வந்தால் ஏற்பதில்லை. பார்ட்டிக்கு அப்படியே தெரிவிக்கிறோம். விளிம்பு வட்டத்தில் இரண்டு வகை உண்டு. முழுக்கோட்டு வட்டம் நடக்கிற வேலையை நிறுத்தும். விட்டுவிட்ட கோட்டு வட்டம் வேலையை நிறுத்தாமல் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்கும். இந்த வித்தியாசத்தை வாயால் விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். படத்தில் ஒரு கோடு.

டிகிரீசிங், அலசல், துரு நீக்கம், அலசல், பாஸ்பேட்டிங், அலசல், பாசிவேஷன் என்று ஏழு தொட்டி. வெளிப்படத்தில் இது ஒரே பெட்டி. அதைத் திறந்து உள்ளே போனால் ஏழும் தனிப் பக்கத்தில் இருக்கும். இந்த வசதி இல்லாவிட்டால் எங்கள் படம் ஒரு தாளில் அடங்கியிருக்காது.

அடுத்தது டோக்கன் ஓட்டம். இதற்காகவே இந்தக் கருவியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். அதே குழுவினர் டோக்கன் சிமுலேஷன் என்று தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். வரைந்த கோப்பை அதில் போட்டுத் தொடக்க வட்டத்தை இயக்கினால், ஒரு சின்ன வட்ட டோக்கன் கோடுகளின் மேல் ஊர்ந்து போகும். ரேஷன் கடையில் டோக்கன் வாங்கி நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டோக்கன் எங்கே இருக்கிறதோ வேலை அங்கே இருக்கிறது. இந்த எண்ணம் புதிதில்லை. ஜெர்மனியில் கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த பெட்ரி வலைகளில் டோக்கன்தான் எல்லாம். பிபிஎம்என் குறிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் டோக்கனை வைத்தே விளக்குகிறார்கள்.

நான் வரைந்த முதல் படத்தில் பரிசோதனைக்குப் பிறகு ஒரு எக்ஸ் டைமண்ட்: எல்லாம் சரி என்றால் ஒரு வழி, ரீஒர்க் (மறுபடி செய்ய வேண்டியது) இருந்தால் இன்னொரு வழி. இரண்டு வழியும் சேரும் இடத்தில், டி.சி. போடுவதற்கு முன்னால், பிளஸ் போட்டிருந்தேன். சேருகிறது, அதனால் பிளஸ் என்று நினைத்துவிட்டேன். ஓடவிட்டால் டோக்கன் பிளஸ் வரை வந்து நின்றது. நின்றதுதான், அசையவில்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். அக்கா மகனிடம் கேட்டபோது புரிந்தது. பிளஸ் தனக்குள் வரும் ஒவ்வொரு வழியிலிருந்தும் ஒரு டோக்கன் வரும்வரை காத்திருக்கும். எக்ஸ் ஒரு வழியில்தான் அனுப்பியது. இரண்டாவது டோக்கன் எந்தக் காலத்திலும் வராது.

பிளஸ்ஸை எக்ஸாக மாற்றினேன், ஓடியது. ஆனால் பெயிண்டர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. 60 பீஸ் லாட்டில் 56 சரியாக இருக்கும், 4 ரீஒர்க் போகும், இரண்டு வழியிலும் போகிறதே என்றார். அவர் சொன்னது சரி. அதற்கு டைமண்டுக்குள் ஓ போட வேண்டும்: ஒரு வழியாகவும் போகலாம், இரண்டு வழியாகவும் போகலாம், சேருமிடத்திலும் ஓ போட்டால், எத்தனை கிளம்பியதோ அத்தனையும் வரும்வரை காத்திருக்கும். வரைந்ததும் படம் எங்கள் யூனிட்டைப் போலவே ஆகிவிட்டது. அப்புறம்தான் அந்த ஓ-வைப் பார்த்துக் கொழுந்தனார் கேட்டார்: "அண்ணி, எதுக்கு நாம காத்திருக்கோம்?"

4 பீஸுக்காக 56 பீஸ் ரேக்கில் இரண்டு நாள் கிடக்கும். எந்தப் பார்ட்டியும் அப்படிக் காத்திருக்கச் சொன்னதில்லை. வந்த டி.சி.யின் எண்ணிக்கையும் போகிற டி.சி.யின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் கணக்கு சுலபம் என்று மாமா காலத்தில் தொடங்கிய பழக்கம். இப்போது 56-ஐ அனுப்பிவிட்டு மீதி 4 என்று டி.சி.யில் குறித்துவிடுகிறோம். ரேக்கில் இடம் கிடைத்தது. மழைக்காலத்தில் பேக் பண்ணாமல் கிடக்கிற பீஸில் தூசும் ஈரமும் ஏறுவதும் நின்றது.

மீதி பீஸ் மறந்துபோகும் என்ற பயம் வந்தது. நியாயமான பயம். ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆவது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும். மெஷின் போன்ற மூலதனப் பொருள் என்றால் மூன்று வருஷம். மோல்டு, டை, ஜிக் போன்றவற்றுக்கு அந்தக் கெடு இல்லை. தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி பார்ட்டி தலையில் விழும். அதனால் மீதி பீஸ் காத்திருக்கும் பெட்டியின் விளிம்பில் கடிகாரம் போட்ட வட்டம் ஒன்று வைத்தேன், விட்டுவிட்ட கோட்டில். 30 நாள் ஆனால் பார்ட்டிக்கு ஒரு வாட்ஸ்அப், வேலை நிற்காது. படம் தானாக வாட்ஸ்அப் அனுப்பாது, அனுப்புவது நான்தான். ஆனால் அந்தக் கடிகாரம் என் லேனில் வரைந்திருக்கிறது, அதனால் அது என் பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

குறை சொல்ல வேண்டும் என்றால் கருவியைவிடக் குறியீட்டு முறையில்தான் சொல்வேன். நூற்றுக்கும் மேற்பட்ட குறிகள். வட்டத்துக்குள் கடிதம், கடிகாரம், மின்னல், முக்கோணம், ஐங்கோணம் என்று போய்க்கொண்டே இருக்கும். முதல் வாரம் எல்லாவற்றையும் படிக்க உட்கார்ந்து தலைவலிதான் வந்தது. எங்களுக்கு 11 குறி போதுமாக இருக்கிறது. பெரிய கம்பெனிகளிலும் நிலைமை இதுதான். 2008-லேயே ஓர் ஆய்வு, வழக்கமாகப் பயன்படுவது மொத்தக் குறிகளில் 20 சதவீதத்துக்கும் குறைவு என்று கண்டிருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்று வட்டம், ஒரு பெட்டி, எக்ஸ், பிளஸ், பூல், லேன், இரண்டு வகை அம்பு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளிம்பு வட்டமும் ஓ-வும் தேவை வரும்போது தானே வந்து சேரும்.

இந்தப் படம் எதைச் சொல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். யாருக்கு மேல் யார் என்பது, வியாபார விதிகள் இவை இதன் எல்லைக்கு வெளியே என்று தர நூலிலேயே இருக்கிறது. பூச்சு 60-லிருந்து 80 மைக்ரான் இருக்க வேண்டும், எந்தப் பவுடருக்கு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் தனி அட்டவணையில் வைத்திருக்கிறோம். அதைப் பெட்டிகளுக்குள் திணிக்கப் பார்த்தேன். படம் படிக்கவே முடியாமல் போனது. டோக்கன் ஊரும் வேகமும் நிஜ நேரம் கிடையாது. ஓவனில் ஒரு லாட் இருக்கும் நேரமும் பார்ட்டியின் பதிலுக்கு இரண்டு நாள் காத்திருப்பதும் திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தமிழில் எழுதலாம், எந்தத் தடையும் இல்லை. பெட்டி சின்னது, நம் சொற்கள் நீளம். 'பரிசோதித்துக்கொள்ளவும்' என்று எழுதாமல் 'பூச்சு பார்' என்று எழுதினேன். ஒரு பெயர், ஒரு ஏவல் வினை; அவ்வளவு போதும். பெயிண்டர் அண்ணனுக்கும் அதுதான் சுலபமாகப் படிக்க வருகிறது. நீளமாகச் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் குறிப்பாக இணைத்துவிடலாம்.

பிரவுசர் பக்கத்தில் வரைந்ததை மறக்காமல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் கணினியில்தான் இருக்கும், வேறெங்கும் சேமிக்கப்படாது. கோப்பு 2.0 தரத்தின் எக்ஸ்எம்எல் வடிவம். அக்கா மகன் அதையே வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் திறந்து காட்டினான். நெட் அடிக்கடி போகும் இடமென்றால் அதே நிறுவனத்தின் கமுண்டா மாடலரை இறக்கி நிறுவிக்கொள்ளலாம், அதுவும் இலவசம். தொடங்கும்போது எந்த இன்ஜினுக்கான (படத்தை நிஜமாக ஓட்டும் மென்பொருளுக்கான) படம் என்று கேட்கும். தாளில் அச்சடித்து ஒட்டுவதற்கு எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான். படத்தில் சில தப்புகள் இருந்தால் கீழே எடுத்துக்காட்டும். படமாக இறக்கினால் எஸ்விஜி கோப்பாக வரும். அம்பத்தூர் ஓ.டி. ஜெராக்ஸ் கடைகளில் அதைக் கேட்டால் விழிப்பார்கள். பிரவுசரில் திறந்து பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் ஏ3 தாளில் அழகாகப் போட்டுத் தருவார்கள். கைபேசியில் பார்க்கலாம், வரைவதற்கு லேப்டாப்பும் மவுஸும் வேண்டும்.

அந்த ஃப்ரேமுக்குள் இப்போது இந்த ஏ3 தாள்தான் இருக்கிறது. கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டேன், ஏனென்றால் மேலே எழுத வேண்டியிருக்கிறது. ஓடுவது ஒன்பதாவது பதிப்பு. போன வாரம் பெயிண்டர் அண்ணன், பவுடர் மாற்றும்போது பூத்தைச் சுத்தம் செய்கிற அரை மணி நேரத்துக்கு இதில் பெட்டியே இல்லை என்று சொல்லி, ஸ்கெட்ச் பேனாவால் தானே ஒரு பெட்டி போட்டு அம்பும் இழுத்து வைத்திருக்கிறார். அம்பு தன் லேனுக்குள்ளேயே சரியாக இருக்கிறது. இந்த ஞாயிறு அதை ஏற்றிப் பத்தாவது பதிப்பு போட வேண்டும்.